நேற்று நம்பிய நீட்டிப்பு இன்று ஆபத்தாகலாம்: உலாவியில் சரிபார்க்க வேண்டியவை என்ன?

விளம்பரங்களைத் தடுக்கவும் எழுத்துப் பிழைகளைத் திருத்தவும் கணினி உலாவியில் சேர்க்கப்படும் ‘எக்ஸ்டென்ஷன்’ எனும் நீட்டிப்புகளைப் பலரும் ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துவிடுகின்றனர். நிறுவிய நாளில் நம்பகமாக இருந்த நீட்டிப்பு, பின்னாளில் பயனர் அறியாமலேயே வேறு கைகளுக்குச் செல்லக்கூடும் என்பதே இதிலுள்ள முக்கிய அபாயமாகும்.

2024 டிசம்பரில் அமெரிக்காவின் சைபர்ஹேவன் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். தரவுக் கசிவைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்ட அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு, கூகுளின் குரோம் வெப் ஸ்டோரிலிருந்து வந்தது போன்ற போலி மின்னஞ்சல் வந்தது. அதை நம்பி அவர் ஒப்புதல் அளித்ததும், நீட்டிப்பின் புதிய பதிப்பை வெளியிடும் உரிமை மோசடியாளர்களிடம் சென்றது. அவரது கடவுச்சொல் திருடப்படவில்லை. இரட்டைச் சரிபார்ப்பும் நடைமுறையில் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளில் வெளியான தீங்கான பதிப்பு, சுமார் ஒரு நாள் வரை தானியங்கிப் புதுப்பிப்பு வழியாகப் பரவியது. அந்நீட்டிப்புக்கு அப்போது ஏறத்தாழ 4 லட்சம் பயனர்கள் இருந்தனர்.

விற்பனை மற்றொரு வழி. கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்த உதவிய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நீட்டிப்பை 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பயன்படுத்தினர். 2020-ல் அதன் உருவாக்குநர் அதனை விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், தீங்கிழைக்கும் மென்பொருள் எனக் கூறி கூகுள் அதனை முடக்கியது.

நீட்டிப்பு புதிய அனுமதி கோரினால் குரோம் பயனரிடம் மீண்டும் கேட்கும். ஆனால் ‘அனைத்து இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்ற அனுமதியை முதலிலேயே வழங்கியிருந்தால், அதற்குமேல் கேட்பதற்கு ஏதுமில்லை. வங்கிப் பக்கத்தில் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லும் இந்த அனுமதிக்குள் அடங்கும்.

குரோமின் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘நீட்டிப்புகள்’ பிரிவுக்குள் சென்றால் முழுப் பட்டியலையும் காணலாம். எதற்காக நிறுவினோம் என்று நினைவுக்கு வராதவற்றை முடக்கி வைப்பதைவிட நீக்குவதே நல்லது. தேவையானவற்றுக்கு, ‘விவரங்கள்’ பக்கத்தில் தள அணுகலை ‘கிளிக் செய்யும்போது மட்டும்’ என மாற்றலாம். விலை ஒப்பீட்டு நீட்டிப்புக்கு மின்னஞ்சலைப் படிக்க வேண்டிய அவசியம் என்ன? தனியாக அனுமதிக்காதவரை மறைநிலைச் சாளரத்தில் நீட்டிப்புகள் இயங்காது என்பதால், வங்கிப் பணிகளுக்கு அதனைப் பயன்படுத்தலாம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோமில் நீட்டிப்புகளுக்கு இடமில்லை, ஃபயர்பாக்ஸில் உண்டு.

ஐயத்துக்குரிய நீட்டிப்பை நீக்கினால் மட்டும் போதாது. உள்நுழைவு குக்கிகள் ஏற்கெனவே களவு போயிருந்தால், கடவுச்சொல் இன்றியே கணக்கைத் திறக்க இயலும். எனவே முக்கியக் கணக்குகளில் ‘அனைத்துச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதியைப் பயன்படுத்திய பிறகு கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். ஒரே கூகுள் கணக்கில் ஒத்திசைவு செயல்பாட்டில் இருந்தால், வீட்டில் நிறுவிய நீட்டிப்பு அலுவலகக் கணினியிலும் வந்து சேரும் என்பதால், அங்கும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.