டிஷ் சரியாத்தான் இருக்கு, எல்என்பி-யைத் திருப்புங்க

இன்னைக்கு கியூஓ-100. 2018 நவம்பரில் கத்தாரின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளோடு மேலே போன அமெச்சூர் ரேடியோ கருவி. மற்ற ஹாம் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் சில நிமிஷத்தில் வானத்தைக் கடந்து ஓடிடும், இது 25.9 டிகிரி கிழக்கில் அப்படியே நிற்கும். ஒரு தடவை டிஷ்ஷைச் சரியா வெச்சா போதும். அந்த ஒரு தடவைதான் பாடாய்ப் படுத்தும்.

சென்னையிலிருந்து திசைக்கோணம் சுமார் 261 டிகிரி, அதாவது மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே. உயரக்கோணம் சுமார் 27. 60 செ.மீ. டிடிஹெச் டிஷ்ஷின் கற்றை அகலம் ஏறக்குறைய 3 டிகிரிதான். மொட்டை மாடியில் போன் காம்பஸை நம்பாதீங்க, தளம் முழுக்கக் கம்பி. காலையிலோ சாயங்காலமோ ஒரு தூக்குக்குண்டு நூலின் நிழலைத் தரையில் கோடு போடுங்க. அந்த நிமிஷம் சூரியனின் திசைக்கோணம் என்னன்னு ஆப்பில் பாருங்க. மீதியைப் பாகைமானியில் அளந்துக்கலாம். ஆஃப்செட் டிஷ்ஷா இருந்தா முகம் கிட்டத்தட்ட சுவர் மாதிரி நேரா நிற்கும்; பயப்படாதீங்க.

இவ்வளவு செஞ்சும் சிக்னல் வரலைன்னு டிஷ்ஷையே கழட்டிடாதீங்க. மூணாவதா ஒரு கோணம் இருக்கு. நமக்கு வேண்டிய டவுன்லிங்க் செங்குத்து முனைவாக்கம். யாருக்குச் செங்குத்து? செயற்கைக்கோளுக்கு. அதாவது பூமியின் வடக்கு-தெற்கு அச்சுக்கு இணையா. ஜெர்மனியில் நின்னு தெற்கே பார்க்கிறவருக்கு அது சற்றே சாய்ந்த செங்குத்து, அவ்வளவுதான். நாம பார்க்கிறதோ மேற்கே. நமக்கு வடக்கு வலது கைப்பக்கம், தெற்கு இடது கைப்பக்கம். அதனால அந்தச் செங்குத்து நமக்குப் படுத்துக்கிடக்கும்! கணக்குப்படி, டிஷ்ஷுக்குப் பின்னால் நின்னு பார்த்தா, கடிகாரத் திசையில் 74 டிகிரி சாய்வு. ஐரோப்பிய வீடியோவைப் பார்த்து எல்என்பி-யை நேரா மாட்டினா, வர வேண்டிய சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

74 டிகிரி திருப்பினா பல கிளாம்ப்பில் கேபிள் இடிக்கும். எனக்குப் பிடிச்ச குறுக்குவழி வேற. யூனிவர்சல் எல்என்பி 13 வோல்ட்டில் செங்குத்தையும் 18 வோல்ட்டில் கிடைமட்டத்தையும் எடுக்கும். 18 கொடுத்துடுங்க, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 16 டிகிரி திருப்பினா வேலை முடிஞ்சது.

நடு பீக்கன் 10489.750 மெகாஹெர்ட்ஸ். எல்என்பி 9750-ஐக் கழிச்சிடும், ஆக ஆர்டிஎல்-எஸ்டிஆரில் 739.750 பக்கத்தில் தேடுங்க. மலிவான எல்என்பி கொஞ்சம் நகர்ந்து காட்டும். கோடு தெரிஞ்சதும் டிஷ்ஷை மயிரிழை மயிரிழையா அசைச்சு உச்சம் பிடிங்க. நட்டை மாத்தி மாத்தி இறுக்குங்க, ஒரே பக்கம் முறுக்கினா பிடிச்ச உச்சம் போயிடும். கேட்கிறதுக்கு இது போதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசணும்னா ஹாம் லைசென்ஸ் வேணும்.