இணையவழி வடிவமைப்புக் கருவிகளும் அறிவுசார் சொத்துரிமைப் பொறுப்பும்: தமிழ் எழுத்துருக்கள், அழைப்பிதழ் வார்ப்புருக்கள் ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உலாவி வழியே இயங்கும் வடிவமைப்புக் கருவிகள் எழுத்துரு, ஓவியம், வார்ப்புரு எனப் பிறர் உழைப்பில் விளைந்த பலவற்றை ஒன்றுசேர்த்துப் பயனருக்கு வழங்குகின்றன. அவற்றின் உரிமைப் பொறுப்பு முழுவதும் பயனரையே சாரும் எனப் பயன்பாட்டு விதிகளில் எழுதிவைக்கும் வழக்கம் உள்ளது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஆகியவற்றின் அடிப்படையில் அவ்வழக்கத்தின் எல்லையை இக்கட்டுரை விளக்குகிறது. கருவியை உருவாக்குவோர் தாமே தெரிந்தெடுத்து வழங்கும் பொருளுக்கான பொறுப்பைப் பயனர்மீது ஏற்ற இயலாது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, எழுத்துரு உரிமம், வார்ப்புரு, இடைநிலையாளர், திறந்த உரிமம், பயன்பாட்டு விதிகள்.

முன்னுரை

திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிவிப்பு, நூலின் மேலட்டை, கருத்தரங்கச் சுவரொட்டி ஆகியவற்றை உலாவியிலேயே வடிவமைத்துக்கொள்ளும் வசதி இன்று பரவலாகியுள்ளது. இத்தகைய கருவிகளை நிறுவனங்கள் மட்டுமின்றிக் கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் உருவாக்குகின்றனர். நிரல் எழுதுவதில் காட்டும் கவனம், கருவிக்குள் இடப்படும் எழுத்துருவும் படமும் யாருக்கு உரியவை என்பதில் காட்டப்படுவதில்லை. இக்குறையின் விளைவைப் பெரும்பாலும் சுமப்பவர் கருவியை நம்பி அழைப்பிதழை அச்சிட்டு விற்கும் சிறு அச்சக உரிமையாளரும், தம் படைப்பு எங்கு பயன்படுகிறது என்றே அறியாத எழுத்துரு வடிவமைப்பாளரும் ஆவர். எனவே பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தெளிவுபடுத்துவது தேவையாகிறது.

1. கருவியின் நான்கு அடுக்குகள்

வடிவமைப்புக் கருவியை ஒரே பொருளாகக் கருதினால் உரிமைச் சிக்கல் விளங்காது. அதனை நான்கு அடுக்குகளாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, கருவியை இயக்கும் நிரல். இரண்டாவது, கருவியோடு வழங்கப்படும் எழுத்துருக்கள், படங்கள், வார்ப்புருக்கள் அடங்கிய நூலகம். மூன்றாவது, பயனர் தாமே பதிவேற்றும் பொருள். நான்காவது, இவை மூன்றும் சேர்ந்து உருவாகும் இறுதி வடிவமைப்பு. பதிப்புரிமைச் சட்டம் ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வரையறைக்குள் கணினி நிரலையும், ‘கலைப்படைப்பு’ என்பதற்குள் ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் அடக்குகிறது. ஆகவே ஓர் எளிய அழைப்பிதழில்கூடப் பல உரிமையாளர்களின் படைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கக்கூடும்.

2. எழுத்துரு: வடிவமும் கோப்பும்

எழுத்தின் தோற்ற வடிவமும் அதனைத் திரையில் வரையச் செய்யும் எழுத்துருக் கோப்பும் வேறுவேறானவை. அமெரிக்காவில் எல்ட்ரா எதிர் ரிங்கர் வழக்கில் 1978இல் எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமை மறுக்கப்பட்டது. ஆயினும் 1998இல் அடோபி நிறுவனம் தொடுத்த வழக்கில் எழுத்துருக் கோப்பு கணினி நிரலாகப் பாதுகாக்கப்பட்டது. இந்தியாவிலும் எழுத்து வடிவத்தைக் கலைப்படைப்பாகப் பதிவுசெய்யக் கோரிய விண்ணப்பத்தைப் பதிப்புரிமை வாரியம் 2002இல் ஏற்கவில்லை. இதனைக் கொண்டு எழுத்துருக்களுக்கு உரிமையே இல்லை என முடிவுசெய்வது பிழையாகும். நடைமுறையில் எழுத்துருக் கோப்பின் பயன்பாட்டை ஆள்வது அதனோடு இணைந்து வரும் உரிம ஒப்பந்தமே.

அச்சகக் கணினியில் நிறுவிய எழுத்துருவால் ஒரு பக்கத்தை அச்சிடும்போது கோப்பு அக்கணினியைவிட்டு வெளியேறுவதில்லை. இணையக் கருவியிலோ எழுத்துருக் கோப்பு வழங்கியில் சேமிக்கப்பட்டு, ஒவ்வொரு பயனரின் உலாவிக்கும் ஒரு படியாக அனுப்பப்படுகிறது. இது சட்ட நோக்கில் படியெடுத்தலும் வழங்கலும் ஆகும். இதனால்தான் எழுத்துரு நிறுவனங்கள் மேசைக்கணினி, இணையப்பக்கம், செயலி, வழங்கி ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமங்களை விற்கின்றன. விண்டோஸ் இயங்குதளத்துடன் வரும் லதா எழுத்துருவை அக்கணினியில் பயன்படுத்துவதற்கும், அதன் கோப்பைத் தம் வழங்கியில் இட்டுப் பலருக்கு வழங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னதற்கு இயங்குதள உரிமம் போதும். பின்னதற்குத் தனி உரிமம் வேண்டும்.

ஓபன்டைப் வகைக் கோப்பின் உள்ளேயே உட்பொதித்தல் அனுமதியைக் குறிக்கும் புலம் ஒன்று உண்டு. நிறுவத்தக்கது, திருத்தத்தக்கது, பார்க்கவும் அச்சிடவும் மட்டும் உரியது, தடைசெய்யப்பட்டது என்னும் நிலைகளை அது காட்டும். பயனர் தம் வடிவமைப்பைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கும்போது கருவி இப்புலத்தைப் படித்து அதற்கேற்ப நடக்குமாறு நிரல் எழுத இயலும். எனினும் அப்புலம் உரிமத்துக்கு மாற்றாகாது. உரிம வாசகமே இறுதியானது.

3. திறந்த உரிமமும் அதன் கடமைகளும்

தமிழில் இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைவன எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வெளியானவை. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், மீரா இனிமை முதலியன அவ்வகையின. 2007இல் வெளியான அவ்வுரிமத்தின் 1.1ஆம் பதிப்பு எழுத்துருவைப் பயன்படுத்தவும், திருத்தவும், மென்பொருளோடு சேர்த்து வழங்கவும் இடமளிக்கிறது. அதே வேளையில் சில கடமைகளையும் விதிக்கிறது. எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. பதிப்புரிமை அறிவிப்பும் உரிம வாசகமும் உடன் செல்ல வேண்டும். ஒதுக்கப்பட்ட பெயர் இருப்பின் திருத்திய வடிவத்துக்கு அப்பெயரைச் சூட்டக் கூடாது. திருத்திய எழுத்துருவும் அதே உரிமத்தில் வெளியாக வேண்டும். எழுத்துருவைக் கொண்டு உருவாக்கிய ஆவணத்துக்கு இக்கட்டுப்பாடுகள் பொருந்தா. ஆகவே அழைப்பிதழை விற்கும் அச்சகத்தாருக்குத் தடையில்லை. கருவியை அமைப்போருக்கே கடமை உண்டு.

படங்களுக்குரிய படைப்பாக்கப் பொதும உரிமங்களில் நிலைமை வேறு. அங்குக் கடமை இறுதி வடிவமைப்பையும் தொடர்ந்து செல்கிறது. ‘வணிகமல்லாத பயன்பாடு’ என்னும் நிபந்தனையுடைய படத்தை அழைப்பிதழ் வார்ப்புருவில் சேர்த்தால், அதை அச்சிட்டு விற்பவர் தாம் அறியாமலேயே நிபந்தனையை மீறுகிறார். படைப்பாளர் பெயரைக் குறிக்க வேண்டும் என்னும் நிபந்தனை இருந்தும் வார்ப்புருவில் அதற்கு இடமே விடப்படவில்லை என்றால், அம்மீறலுக்கு வித்திட்டவர் வார்ப்புருவை அமைத்தவரே.

4. பழைய படம் யாவும் பொதுவுடைமை அன்று

அழைப்பிதழ்களில் தெய்வப் படங்கள் இடம்பெறுவது தமிழகத்தில் இயல்பு. பழைய நாட்காட்டிப் படங்களை நகலெடுத்துக் கருவியின் நூலகத்தில் சேர்ப்போர், அவை யாருக்கும் உரியவை அல்ல என எண்ணுவதுண்டு. இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டை அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். ரவிவர்மா 1906இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியான ஓவியங்கள் பொதுவுடைமையாகிவிட்டன. கோவில்பட்டியில் வாழ்ந்து நாட்காட்டிப் படங்களால் புகழ்பெற்ற சி. கொண்டைய ராஜு 1976இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியான ஓவியங்களின் உரிமைக்காலம் 2036ஆம் ஆண்டின் இறுதியில்தான் முடியும். ஊதியம் கொடுத்து வரையச் செய்தவர், மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, முதல் உரிமையாளராவார் என 17ஆம் பிரிவு கூறுவதால், அவ்வுரிமை ஓவியரின் குடும்பத்தாரிடம் இருக்கலாம், அச்சகத்தாரிடமும் இருக்கலாம். உரிமையாளரைக் கண்டறிவது கடினம் என்பதாலேயே உரிமை இல்லாமற்போவதில்லை.

5. இடைநிலையாளர் பாதுகாப்பின் எல்லை

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இடைநிலையாளருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அப்பாதுகாப்பு மூன்றாம் தரப்பினரின் தகவலுக்கு மட்டுமே உரியது. பயனர் பதிவேற்றும் படம் அவ்வகையில் அடங்கும். கருவியின் குழுவினர் தாமே தொகுத்து, வகைப்படுத்தி, ‘எங்கள் வார்ப்புருக்கள்’ என வழங்கும் நூலகத்தை மூன்றாம் தரப்பினரின் தகவல் எனக் கொள்ள இயலாது. நான்கு அடுக்குகளையும் வேறுபடுத்திக் காண்பதன் பயன் இவ்விடத்தில் புலப்படுகிறது.

பதிவேற்றப் பொருளைப் பொறுத்தவரை, சூப்பர் கேசட்ஸ் எதிர் மைஸ்பேஸ் வழக்கில் தில்லி உயர்நீதிமன்ற அமர்வு 2016இல் அளித்த தீர்ப்பு முதன்மையானது. மீறல் எங்கேனும் நிகழலாம் என்னும் பொதுவான அறிவு போதாது; குறிப்பிட்ட படைப்பைப் பற்றிய உறுதியான அறிவே பொறுப்பைத் தோற்றுவிக்கும் என அது கூறியது. அவ்வறிவு கிடைத்த பின்னரும் நீக்காமலிருப்பின் பாதுகாப்பு அகலும். எனவே முறையீட்டை ஏற்று விரைந்து செயற்படும் ஒழுங்கு ஒன்று கருவியில் அமைந்திருத்தல் இன்றியமையாதது.

6. பயன்பாட்டு விதிகளால் ஆவதும் ஆகாததும்

‘உரிமை மீறலுக்குப் பயனரே பொறுப்பு’ என்னும் விதி பயனருக்கும் கருவியை வழங்குவோருக்கும் இடைப்பட்ட ஒப்பந்தமே. உரிமையாளர் அவ்வொப்பந்தத்தில் பங்குபெற்றவர் அல்லர்; ஆகவே அது அவரைக் கட்டுப்படுத்தாது. மேலும், படைப்பில் பதிப்புரிமை இருந்ததை அறியாமலும் அறிய நியாயமான காரணம் இல்லாமலும் மீறியவருக்கு எதிராகவும், தடையாணையும் ஈட்டிய இலாபத்தில் முழுமையோ பகுதியோ கோரலாம் என 55ஆம் பிரிவு வழிசெய்கிறது. கருவியை நம்பிய அச்சகத்தார் தம் அறியாமையைக் காட்டி முற்றிலும் தப்ப இயலாது என்பதே இதன் பொருள். பொறுப்பைப் பயனர்மீது ஏற்றும் விதி, சரிபார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளவரிடம் சுமையைத் தள்ளுகிறது.

வார்ப்புரு அமைக்கும் ஓவியர்களோடு செய்யும் உடன்பாட்டிலும் கவனம் தேவை. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் கையொப்பமிட்ட எழுத்து வடிவில் அமைய வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். உலகெங்கும் திறக்கும் இணையக் கருவிக்கு இவ்விரு வரையறைகளும் முதன்மையானவை. உரிமையை முழுதும் மாற்றிக்கொடுத்த பின்னரும், படைப்பாளர் எனப் பெயர் குறிக்கப்பெறும் உரிமை 57ஆம் பிரிவின்படி ஓவியரிடமே எஞ்சும்.

7. வடிவமைப்பிலேயே அமையும் பொறுப்பு

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. நூலகத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் மூலம், படைப்பாளர், உரிமம், சேர்த்த நாள் ஆகியவற்றைக் கொண்ட பதிவு இருத்தல் வேண்டும். அப்பதிவு பயனரின் கண்ணிற்படும் இடத்தில் அமைய வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கு உதவாத பொருள்களை வடிகட்டும் வசதி தேவை. கோப்பை இறக்கும்போது பயன்படுத்திய பொருள்களின் உரிமக் குறிப்பு தானாக உருவாகுமாறு செய்யலாம். ஒரு பொருளின் உரிமம் பின்னர் பிழையெனத் தெரியவந்தால், அதனைப் பயன்படுத்தியோருக்கு அறிவிக்கவும் அப்பதிவே உதவும். இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. தொடக்கத்திலேயே தரவுத்தள அமைப்பில் இடமளித்தால் போதும். ஆயிரம் வார்ப்புருக்கள் சேர்ந்தபின் மூலத்தைத் தேடுவதுதான் அரிது.

முடிவுரை

நிரல், நூலகம், பதிவேற்றம், இறுதி வடிவமைப்பு ஆகிய நான்கிலும் பொறுப்பு ஒரே தன்மையதன்று. பதிவேற்றத்தில் சட்டம் கருவியாளருக்கு இடைநிலையாளர் பாதுகாப்பை அளிக்கிறது. நூலகத்தில் அத்தகைய பாதுகாப்பு இல்லை. தெரிந்தெடுத்தவரே சரிபார்க்கவும் கடமைப்பட்டவர் என்பது இவ்வேறுபாட்டின் உட்பொருள். தமிழ் எழுத்துரு வடிவமைப்பு, 247 எழுத்துகளோடு கிரந்த எழுத்துகளும் ஒத்த தோற்றத்தில் அமைய நீண்ட உழைப்பைக் கோரும் பணியாகும். அவ்வுழைப்பின் உரிமத்தை மதிக்கும் கருவி, படைப்பாளரையும் அதனை நம்பி அச்சிடுவோரையும் ஒருசேரக் காக்கிறது.