விசிறி அடுப்பில் மின் பழுது காணும் முறை

விறகும் வறட்டியும் எரியும் சமையலறைகளில் புகையைக் குறைக்கும் பொருட்டு, 1983-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு பல திட்டங்களை மேற்கொண்டு வந்துள்ளது. அம்முயற்சிகளின் இடையே தோன்றியதே விசிறி பொருத்திய பெல்லட் அடுப்பு. இவ்வகை அடுப்புகளுள் ஒன்று பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியிலிருந்து உருவானதாகும். உமி, கரும்புச் சக்கை, மரத்தூள் முதலியவற்றை அழுத்திச் செய்யப்படும் சிறு உருளைகளே பெல்லட்டுகள்.

இவ்வடுப்பில் விசிறி அனுப்பும் காற்றில் ஒரு பகுதி கீழ்த்தட்டின் வழியே எரிபொருளுக்குள் செல்கிறது. மற்றொரு பகுதி மேல் விளிம்பிலுள்ள துளைகளின் வழியே வந்து, எழும் வாயுக்களை எரிக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட தரத்தின்படி, இயற்கைக் காற்றால் எரியும் அடுப்பின் வெப்பத்திறன் 25 விழுக்காட்டிற்கும், விசிறி அடுப்பின் வெப்பத்திறன் 35 விழுக்காட்டிற்கும் குறைதலாகாது. விசிறி நின்றுவிடின் இச்சிறப்பு முழுதும் அற்றுப்போகும். வாயுக்கள் அரைகுறையாக எரிந்து, புகையும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் அறையில் நிறையும்.

முதலில் செய்யவேண்டியது

சமையலின் நடுவே விசிறி நின்றால் கதவு, சன்னல்களைத் திறந்து, அறையிலுள்ளோர் வெளியேறுதல் வேண்டும். மேலும் எரிபொருள் இடுதல் கூடாது. நீர் ஊற்றி அணைத்தலும் தகாது; கொதிநீராவி கையைச் சுடும், உட்பூச்சு வெடிக்கும், கம்பிகள் நனையும். அடுப்பு முற்றும் ஆறிய பின்னரே பழுது பார்த்தல் வேண்டும்.

சோதனையின் வரிசை

மின்சாரம் செல்லும் வழியிலேயே சோதனையும் செல்லுதல் நலம். 6 வோல்ட் காரீய-அமில பாட்டரி உடைய அடுப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. பாட்டரி: மின்னேற்றி சற்று ஓய்ந்த பாட்டரி 6.3 வோல்ட் அளவு காட்டும். விசிறியை ஓடவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். சிறிது நேரத்திலேயே 5.25 வோல்ட்டிற்குக் கீழ் இறங்கினால், அது மின்னேற்றம் பெறவில்லை அல்லது தேய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

2. மின்னேற்றி: அதனை இணைத்ததும் பாட்டரி முனைகளில் வோல்ட் அளவு படிப்படியாக உயர வேண்டும். உயராவிடில் மின்னேற்றியோ, அதன் கம்பியோ, செருகும் துளையோ பழுதுற்றிருக்கும். மின்னேற்றிக்குள் 230 வோல்ட் மின்சாரம் வருவதால் அதனைத் திறவாது மாற்றிவிடுதலே தக்கது.

3. இணைப்புகளும் ப்யூஸும்: பாட்டரி முனைகளில் படியும் வெண்மையான அல்லது பச்சை நிறமான பூச்சைத் துடைத்து, தளர்ந்த இணைப்பை இறுக்க வேண்டும். எரிந்த ப்யூஸுக்கு ஈடாக அதே அளவுள்ள ப்யூஸையே இடவேண்டும்; செப்புக்கம்பி இடுவது தீ விபத்திற்கு வழியாகும்.

4. சுவிட்சு: மூடிய சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்மீட்டர் ஏறத்தாழ சுழியைக் காட்ட வேண்டும். ஒரு வோல்ட் காட்டுமாயின், விசிறிக்குச் சேரவேண்டிய அழுத்தம் அங்கேயே வீணாகிறது. தொடர்சுற்றில் மின்னழுத்தம் பங்கிடப்படுவதை மாணவருக்கு விளக்க ஆசிரியர்களுக்கு இஃது ஏற்ற பாடமுமாகும்.

5. விசிறி: முனைகளில் முழு அழுத்தம் இருந்தும் சுழலாவிடில், இதழ்களில் சாம்பலோ நூலோ சிக்கியுள்ளதா என்று பார்த்து, பின் விசிறியை மாற்றலாம். புதியதைப் பொருத்துங்கால் நேர், எதிர் முனைகள் மாறலாகாது. மாறினால் சிலவகை விசிறிகள் சுழலா. வேறு சில எதிர்த்திசையில் சுழன்று போதிய காற்றைத் தாரா.

மின்பழுது அல்லாதவை

விசிறி நன்கு சுழன்றும் தீ மங்கினால், காற்றுத் துளைகளில் அடைப்பு இருக்கலாம். உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சுவதால், உமிப் பெல்லட் எரிக்கும் அடுப்பை ஒவ்வொரு முறையும் தூய்மை செய்தல் இன்றியமையாதது.

பராமரிப்பு

சமையல் முடிந்ததும் விசிறியை உடனே நிறுத்தலாகாது. எஞ்சிய கரி எரிந்து தீரும்வரை மெதுவாக ஓடவிட்டால், அதன் காற்றே மோட்டாரையும் கம்பிகளையும் குளிர்விக்கும். காரீய-அமில பாட்டரியை மின்னின்றி நெடுநாள் விட்டுவைத்தால், தகடுகளில் காரீய சல்பேட்டு கெட்டிப்பட்டு, பின்னர் மின்னேற்றம் ஏறாது. ஆதலின் அடுப்பைப் பயன்படுத்தாத மாதங்களிலும் இடையிடையே மின்னேற்றுதல் வேண்டும். தேய்ந்த பாட்டரியைக் குப்பையில் எறியாது விற்பனையாளரிடம் திருப்பித் தருதல் வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன.

தளர்ந்த ஒரு கம்பியின் பொருட்டு நல்லதோர் அடுப்பு பரண்மேல் ஏறுவதும், இல்லத்தார் பழைய புகையடுப்பிற்கே திரும்புவதும் நேரக்கூடியனவே. களப்பணியாளர் ஒருவர் வோல்ட்மீட்டரும் திருகுளியும் கொண்டு, மேற்கூறிய வரிசையில் சோதித்தால் அந்நிலையைத் தவிர்க்கலாம். வீட்டில் அடுப்பைக் கையாளுவோருக்கு முதற்பகுதியிலுள்ள எச்சரிக்கைகளையும் துப்புரவு முறையையும் நேரில் செய்துகாட்டுவது, பழுதை நீக்குவதைவிடவும் பயன் மிக்கதாகும்.