முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய்: சில நாள் கதிர்வீச்சு எதற்கு?

கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிப்போய், ஈரலுக்கோ நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால், பெரும்பாலும் நோயை முழுதாகக் குணப்படுத்த முடிவதில்லை. ஆனால் வேதனையைக் குறைக்க நிச்சயம் வழிகள் இருக்கின்றன. நம் ஊர்ப்பக்கம் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குத் தருவது அவற்றில் முக்கியமானது.

இந்த நோயில் பெண்கள் படும் பாட்டை வெளியே சொல்ல மாட்டார்கள். ஓயாத உதிரப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைபடுதல், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி. ஒரு நாளைக்குப் பலமுறை துணி மாற்ற வேண்டியிருக்கும். வாடைக்குக் கூச்சப்பட்டு, பேரப்பிள்ளையைக்கூட மடியில் வைக்காமல் ஒதுங்கிப் படுப்பார்கள்.

கதிர்வீச்சு கட்டியின் செல்களை அழித்து, கசியும் இரத்தக் குழாய்களை அடைக்கிறது. பலருக்குச் சில நாட்களிலேயே உதிரப்போக்கு குறையத் தொடங்கும். வலி குறைய ஓரிரு வாரம் கூடுதலாகலாம்.

குணமாக்குவதற்கான சிகிச்சை என்றால் சுமார் ஐந்து வாரம் தினமும் வெளிக்கதிர்வீச்சு, பிறகு உட்கதிர்வீச்சு என்று நீளும். வேதனை தணிப்பதற்கு அவ்வளவு தேவையில்லை. உடல்நிலையைப் பார்த்து ஒரே தடவையில் 8 கிரே, அல்லது 5 நாளில் 20 கிரே, அல்லது 10 நாளில் 30 கிரே என்று மருத்துவர் முடிவு செய்வார். 'கிரே' என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. எலும்புக்குப் பரவிய வலிக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு தடவை போதும். தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல்.

முதலில் ஸ்கேன் எடுத்து, அடிவயிற்றில் மையால் குறி போடுவார்கள். குளிக்கும்போது அதைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. பிறகு மேசையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சில நிமிடம்தான், வலிக்காது. சிலருக்கு அசதி, வயிற்றுப்போக்கு, சிறுநீர்க் கடுப்பு வரலாம். பெரும்பாலும் மருந்தில் அடங்கி, சில வாரங்களில் சரியாகும்.

வெளியிலிருந்து கதிர்வீச்சு வைத்தால் அது உடம்பில் தங்காது. குழந்தைகள் தாராளமாகப் பக்கத்தில் படுக்கலாம்.

இதோடு மற்ற உதவிகளும் சேர வேண்டும். வலிக்கு மார்ஃபின் மாத்திரை, வாடையைக் குறைக்க மெட்ரோனிடசோல். திடீரென உதிரம் கொட்டினால் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் உள்ளே துணி வைத்து அடைத்து நிறுத்துவார்கள். சிறுநீர் குறைந்தாலும் உடனே சொல்லுங்கள். கட்டி சிறுநீர்க் குழாயை நெருக்கியிருக்கலாம்.

"இனி ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். "உதிரப்போக்கையும் வலியையும் குறைக்கக் கதிர்வீச்சு தர முடியுமா? எத்தனை நாள்? வலிநிவாரணப் பிரிவு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். நோய் குணமாகாவிட்டாலும், அந்தப் பெண் வலியில்லாமல் தூங்க வேண்டும், கூச்சமின்றி நாலு பேரோடு உட்கார வேண்டும். அதைக் கேட்டு வாங்கித் தருவது நம் கடமை.