நிறுவனக் காரும் வரிச் சலுகையும்

வரி என்றாலே பணம் திரட்டும் ஏற்பாடு என்று மட்டும் எண்ணுவோர் பலர். ஆயினும், மக்களின் விருப்பத்தை ஒரு பக்கம் தடுத்து மற்றொரு பக்கம் திருப்பிவிடும் மதகாகவும் அது பயன்படுகிறது. மின்சாரக் கார்கள் பெருகி வருவது இதற்குத் தக்க சான்றாகும்.

பிரிட்டனில், நிறுவனம் கொடுத்த காரை ஊழியர் தம் சொந்தப் பயணத்துக்கும் பயன்படுத்துவாரானால், அவ்வசதி ஊதியத்தைப் போன்ற வருமானமாகவே கருதப்படும். 2002ஆம் ஆண்டு முதல் அதன் மதிப்பு, கார் வெளிவிடும் கரியமில வாயுவின் அளவையொட்டிக் கணக்கிடப்படுகிறது. 2025-26 வரியாண்டில் மின்காருக்கு அதன் பட்டியல் விலையில் 3 விழுக்காடு. புகை மிகுந்த காருக்கோ 37 விழுக்காடு. 40,000 பவுன் விலையுள்ள கார் என்றால், ஊழியரின் வருமானத்துடன் சேரும் தொகை முன்னதற்கு 1,200 பவுன்; பின்னதற்கு 14,800 பவுன். எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமோ?

சிங்கப்பூரின் வழி வேறு. சிராங்கூன் சாலையில் மளிகை வாணிகம் நடத்தும் நிறுவனம் ஒன்று, சரக்கு ஏற்ற ஒரு வேனும் மேலாளர் சென்று வர ஒரு காரும் வைத்திருப்பதாகக் கொள்க. வேனின் விலைக்குத் தேய்மானக் கழிவு உண்டு. எரிபொருள், பழுதுபார்ப்பு, காப்புறுதி ஆகிய செலவுகளையும் வருமானத்தினின்று கழித்துக்கொள்ளலாம். 'எஸ்' என்னும் எழுத்தில் தொடங்கும் எண்பலகை தாங்கிய காருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. தொழிலின் பொருட்டே ஓடினும், பெட்ரோலில் ஓடினும், மின்சாரத்தில் ஓடினும் விதி ஒன்றே. மேலாளரின் சொந்தப் பயணத்துக்குரிய பயன் அவர் வருமானத்தில் சேரும். ஆனால் புகையின் அளவைப் பார்த்து அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கார்களின் தொகையை அடக்கி வைக்கும் நாட்டுக் கொள்கையோடு இஃது ஒத்துச் செல்வதே.

அங்ஙனமாயின், மின்காருக்குச் சலுகை எங்கே? காரைப் பதிவு செய்யும் வாயிலில்! புகை குறைந்த காருக்குத் தள்ளுபடியும், மிகுந்த காருக்கு மேல்கட்டணமும் விதிக்கும் திட்டம் 2018இல் வந்தது. 2021 முதல், மின்காருக்குரிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 45 விழுக்காடு தள்ளுபடியாயிற்று. அதன் உச்சவரம்பு முதலில் 20,000 வெள்ளி, 2024இல் 15,000, 2026இல் 7,500. அவ்வாண்டு முடிவுடன் அச்சலுகை நின்றுவிடும் என அறிவிக்கப்பட்டது. மறுபுறம், பெட்ரோல் வரி செலுத்தாத மின்கார்கள், அதற்கு ஈடாக 2023 முதல் ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதல் சாலை வரி செலுத்த வேண்டியவையாயின.

பயன் விளையாமல் போகவில்லை. 2021இல் புதிதாகப் பதிவான கார்களுள் மின்கார்கள் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. 2024இலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இரு முறைகளுக்குமுள்ள வேற்றுமை கருதத்தக்கது. பிரிட்டனில் சலுகை ஆண்டுதோறும் ஊழியரின் சம்பளக் கணக்கில் தென்படுகிறது. சிங்கப்பூரிலோ வாங்கும் நாளன்று ஒரே முறை கிடைத்துவிடுகிறது. ஆகவே தேக்கா வணிகர், பதிவு நாளின் தள்ளுபடியை மட்டும் பார்த்து மகிழ்தல் போதாது. பத்தாண்டுச் செலவையும் கூட்டிப் பார்த்து, தமக்கு வேண்டுவது காரா, கழிவு பெறும் வேனா என முதலில் தெளிதல் வேண்டும்.