எல்லை உண்டு, எவ்விடத்தில்? பிள்ளையின் வினாவும் விகிதமுறு அண்ணளவாக்கமும்

தெல்லிப்பழையின் சுண்ணக்கற் பூமியிற் கிணறு வெட்டுவோனுக்குக் கீழே நீர் உண்டு என்ற செய்தி மட்டும் போதாது. எத்தனை முழத்தில் என்பதே அவனது வினா. கணிதத்திலும் 'உண்டு' என நிறுவுதலும் 'இவ்வளவு' எனக் கணித்தலும் வெவ்வேறு பணிகள். தமிழ்நாட்டின் எண்கோட்பாட்டறிஞர் எஸ். எஸ். பிள்ளை (1901-1950) ஆராய்ந்த வினாவொன்று இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும்.

3இன் வலுவொன்றிலிருந்து 2இன் வலுவொன்றைக் கழிப்போம். 3-2, 9-8 ஆகிய இரண்டும் 1 ஆகும். 3-8, 27-32 ஆகியன -5 ஆகும். 3-16, 243-256 ஆகியன -13 ஆகும். இவ்வாறு ஒரே விடை இருமுறை தோன்றுதல் எதுவரை நிகழும்? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பிள்ளை, ஓரெல்லைக்கு அப்பால் எவ்விடையும் ஒருமுறைக்கு மேல் தோன்றாது என 1936இல் நிறுவினார். எனினும், அவ்வெல்லை எது என்பதை அந்நிறுவலாற் கூற இயலவில்லை.

காரணம், அவர் பயன்படுத்திய கருவியிலேயே இருந்தது. 2, 3 ஆகியவற்றின் வலுக்கள் மிக நெருங்கும்போது, அவற்றின் சுட்டிகளை மூன்றால் வகுத்து மீதியைப் பிரித்து எழுதினால், ஒரு பின்னம் ஒரு கனமூலத்தை நெருங்குவதைக் காணலாம். ஆகவே, அட்சரகணித எண்ணொன்றைப் பின்னம் எவ்வளவு நெருங்கலாம் என்பதே அடிப்படை வினாவாகிறது. 1844இல் லியூவில் இதற்குக் கணிக்கத்தக்க ஓரெல்லையைத் தந்தார். ஆனால் அது வலுக்குறைந்தது. தூ (1909), சீகல் (1921), ரோத் (1955) ஆகியோர் அதனைப் படிப்படியாகக் கூர்மையாக்கினர். ஆயினும் இவர்களது நிறுவல்கள் ஒரே போக்கின. மிக நெருங்கிய பெரும்பகுதிப் பின்னமொன்று உண்டெனக் கொண்டு, அதனிலும் மிகப்பெரிய பகுதியுடைய பின்னங்கள் அவ்வளவு நெருங்கா எனக் காட்டுவன. முதற்பின்னம் உண்டோ, அதன் பகுதி யாதோ என்பது தெரியாதவிடத்து, எல்லையும் தெரியாது.

அலன் பேக்கர் இத்தடையைத் தகர்த்தார். 2இன் கனமூலத்துக்கும் எந்தப் பின்னத்துக்கும் இடையிலான தூரம், பத்திலட்சத்திலொன்றைப் பகுதியின் 2.955ஆம் வலுவால் வகுத்துப் பெறுவதிலும் கூடியது என 1964இல் நிறுவினார். 1966இலிருந்து, மடக்கைகளின் ஏகபரிமாணச் சேர்க்கைகள் பூச்சியத்தை எவ்வளவு நெருங்கலாம் என்பதற்குக் கணிக்கத்தக்க எல்லைகளைத் தந்தார். இம்முறையைக் கொண்டே ஸ்ட்ரோக்கர், டைடெமன் ஆகியோர் பிள்ளை ஊகித்த எல்லை 13 என்பதை 1982இல் உறுதிசெய்தனர்: குறி நீங்கிய பெறுமானம் 13இலும் கூடிய எவ்விடையும் இருமுறை தோன்றாது.

அதனைக் காணப் பிள்ளை இருக்கவில்லை. அமெரிக்காவில் நடைபெறவிருந்த அனைத்துலகக் கணிதப் பேரவைக்குச் செல்லும் வழியில், 1950இல் கெய்ரோவுக்கு அண்மையில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். குறித்த ஒரு வேறுபாட்டுடன் வரும் நிறைவலு எண்சோடிகள் முடிவுள்ளவை என்ற அவரது விரிந்த ஊகம் இன்றும் நிறுவப்படவில்லை. ரோத்தின் தேற்றமும் கணிக்கத்தக்க எல்லையைப் பொதுநிலையில் இன்னும் பெறவில்லை. முடிவுண்டு என்று அறிந்தபின்னும் முடிவைத் தொடுவதற்கான உழைப்பு எஞ்சியிருக்கிறது. அவ்வுழைப்பே ஒரு தேற்றத்தைப் பயன்கொள்ளத்தக்க அறிவாக்குகின்றது.