உஷார்! மஞ்சள் குறியை நம்பிக் குடிக்காதீர்கள்

சம்பள நாளில் கலஹா பஜாருக்குப் போனால் பாருங்கள். அரிசி, பருப்போடு ஒரு சோடாப் போத்தலும் இரண்டு பிஸ்கட் பெக்கட்டும் இல்லாமல் ஒரு பை வீட்டுக்குப் போகாது. என் சித்தியும் அப்படித்தான் வாங்கி வந்தார். அவருக்குப் பல வருஷமாகச் சுகர்.

"செவப்பு போட்டிருந்தா தொட்டிருக்க மாட்டேன் தம்பி, இது மஞ்சதானே" என்றார். அதற்குள் பாதிப் போத்தல் காலி.

லேபலைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி. கையில் இருந்ததோ 400 மில்லிலீற்றர் போத்தல். மொத்தம் 40 கிராம், அதாவது 10 தேக்கரண்டி! பிளேன்டீயில் ஒரு கரண்டி போடவே பயப்படுகிறவர் அவர்.

இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானங்களில் இந்த நிறக் குறி கட்டாயம். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. நல்ல சட்டம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிறம் 100 மில்லிலீற்றருக்குத்தான். போத்தல் எவ்வளவு பெரியது என்று அது பார்ப்பதில்லை. திருவிழாவுக்கு வாங்குகிற ஒன்றரை லீற்றர் போத்தலிலும் அதே மஞ்சள்தான், உள்ளே 150 கிராம் சீனி இருந்தாலும்! உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளுக்குச் சொல்லும் உச்சவரம்பு ஏறக்குறைய 50 கிராம்; 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது.

பிஸ்கட், நூடில்ஸ், மிக்சர் பெக்கட்டுகளில் வேறொரு பொறி. 'ஒரு தடவைக்கு' என்று ஓர் அளவைப் போட்டு, எல்லா எண்களையும் அதற்கே சொல்லியிருப்பார்கள். ஒரு தடவைக்கு 25 கிராம் என்று அச்சடித்த 100 கிராம் பெக்கட்டைப் பிள்ளை ஒரே மூச்சில் முடித்தால், லேபலில் உள்ளதைப்போல 4 மடங்கு உள்ளே போகிறது. உப்பிலும் கவனம்: சிலவற்றில் சோடியம் என்றுதான் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் 2 கிராம் உப்பு; ஒரு நாளுக்கே 5 கிராமுக்குள்தான் வேண்டும். பிரஷர் உள்ளவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

அமெரிக்காவில்கூட முன்பு 8 அவுன்ஸ் சோடாவைத்தான் ஒரு தடவை என்று கணக்கிட்டார்கள். யார் அவ்வளவோடு நிறுத்துகிறார்கள்? 2016இல் விதியைத் திருத்தி 12 ஆக்கினார்கள்.

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம். கழிவென்று அரைக் கிலோ கூடக் கழித்தாலும் விடாமல் கேட்கிறோம். கடையில் மட்டும் ஏன் நிறத்தோடு நின்றுவிடுகிறோம்? முதலில் பெக்கட்டின் மொத்த நிறையைப் பாருங்கள். அடுத்து, எண்கள் 100 கிராமுக்கா, ஒரு தடவைக்கா என்று பாருங்கள். அதை மொத்த நிறைக்கும் பெருக்கி, வரும் சீனிக் கிராமை நாலால் வகுத்தால் கரண்டிக் கணக்கு வந்துவிடும். எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

சித்தி மீதிப் போத்தலை மூடி வைத்துவிட்டு, "பத்துக் கரண்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.